ஹீற்றர் எதுக்கு

வெசாக் போயா.
பஞ்சிகாவத்தை முழுக்க ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது.
நிஸ்தார் மட்டும் போனை எடுத்தார், எதையோ மென்றபடி.
"ஹீற்றர் வால்வா? தகடு ஒண்டு வெட்டி மூடி விடுங்க.
கொழும்பில ஹீற்றர் எதுக்கு, மிஸ்?"

நியாயமான கேள்விதான்.
காலை பத்து மணிக்கே பொனற்றில் கை வைக்க முடியவில்லை.
எஞ்சின் இன்னும் ஓடவே இல்லை.

மூன்று வாரமாக இந்தச் சிவப்பு எம்.ஜி.க்கு இருமல்.
ஆமர் வீதிச் சந்தியில் ஒருமுறை, பொரளையில் இரண்டுமுறை
நடுத்தெருவில் நின்றது.
பின்னால் வந்த த்ரீவீல்காரன் என் பரம்பரையை விசாரித்தான்.
பிளக் மாற்றினேன். கொயில் மாற்றினேன்.
கார்பரேற்றரை இரண்டு தரம் கழற்றிக் கழுவினேன்.
நேற்றிரவுதான் டோர்ச் வெளிச்சத்தில் கண்டேன்:
எஞ்சினின் பின்மூலையில், வால்வுக்கு அடியில்,
பச்சையாய் ஒரு சொட்டு
திரண்டு,
யோசித்து,
நேரே டிஸ்ற்றிபியூற்றரின் மண்டையில் விழுவதை.

ஐம்பத்தெட்டு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில்
எவனோ மேசையில் குனிந்து வரைந்திருக்கிறான்,
தண்ணீருக்கு நேர் கீழே நெருப்புப்பொறியை.
வாடகை வீட்டில் இருந்தவனில்லைப் போலும்.

இரண்டு நட்.
ஒன்று சொன்னதும் கழன்றது.
மற்றதற்கு அரை மணித்தியாலம், அரைப் போத்தல் மண்ணெண்ணெய்,
நடுவிரலில் கொஞ்சம் தோல்.
உள்முகம் முழுக்கச் சுண்ணாம்பு பூத்திருந்தது.
இடையில் இருந்த கோர்க் கஸ்கற்
நகம் பட்டதும் நமுத்த பிஸ்கற்றாய் உதிர்ந்தது.

போயாவில் கஸ்கற் விற்பார் இல்லை.
குசினி மேசையில் கோர்க் விரிப்புகள் நான்கு,
ஒஸ்லோவிலிருந்து சுகந்தினி அனுப்பியவை.
மூன்றில் பனி மூடிய கூரைகள்,
ஒன்றில் பனி மூடிய சைக்கிள்.
சைக்கிளை எடுத்தேன்.
வால்வைக் கவிழ்த்துப் பென்சிலால் ஒரு கோடு,
சவர அலகால் வெட்டு.
முன்சில்லு போயிற்று. ஹாண்டில் மிச்சம்.
அவளுக்குச் சொல்வதா என்று பிறகு யோசிக்கலாம்.

மேல்வீட்டு டுல்சி பல்கனியில் உடுப்பு உதறியபடி கேட்டாள்,
"முடிஞ்சுதா? பின்னேரம் தோரணம் பார்க்கப் போவமா?"
"போவம்."
"அது வெளிக்கிடுமா?"
"ஏறுறதுக்கு முன்னால கேளாத."

முதல் திருகலிலேயே பிடித்தது.
இரண்டு பேருமே நம்பவில்லை.

தெமட்டகொடையில், தோரணத்துக்கு நூறு யார் முன்னால்,
கொழும்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தது.
நடந்து வந்தவர்கள் எங்களைக் கடந்தார்கள்.
வெசாக் கூடு தூக்கிய ஒரு குழந்தை
எங்களைக் கடந்து, திரும்பி வந்து, மறுபடி கடந்தது.
ஊசி எண்பத்தைந்து.
ஊசி தொண்ணூற்றைந்து.
தொண்டைக்குள் எனக்கும் ஏதோ கொதித்தது.

குனிந்து ஹீற்றர் குமிழைத் திருப்பினேன்.
எங்கேயோ உள்ளே, கம்பி இழுக்க,
ஒஸ்லோவின் பனிக்கு மேலால் வால்வு திறந்தது.
எஞ்சினால் தாங்க முடியாத சூடு
எங்கள் முழங்கால்களுக்கு வந்தது.

டுல்சி பாவாடையைச் சுருட்டினாள்,
செருப்பைக் கழற்றிக் காலை வெளியே போட்டாள்,
சிங்களத்தில் ஏசினாள்,
போதாமல் தமிழிலும்.
நான் ஊசியையே பார்த்திருந்தேன்.
அது நின்றது.
பிறகு, யாரிடமோ அனுமதி கேட்டவிட்டு வருவது போல,
ஒரு மயிரிழை இறங்கியது.

தன்சலில் நின்ற வெள்ளைச் சட்டைப் பையன் ஒருவன்
கூரையில்லாத காருக்குள் இரண்டு ஐஸ்கிறீமை நீட்டினான்.
காசு வேண்டாம், சிரிப்பும் வேண்டாம் அவனுக்கு;
பின்னால் இன்னும் நூறு வாகனம்.
கைக்கு வந்த கணமே உருகத் தொடங்கிற்று.
விரலிடுக்கில் இறங்கி, மணிக்கட்டைச் சுற்றி,
முழங்கை முனையில் வந்து
திரண்டு,
யோசித்து...

"இதுக்கு உன்னட்டக் கஸ்கற் இருக்கா?" என்றாள் டுல்சி.

முன்னால் நின்ற பஸ் ஒரு முழம் நகர்ந்தது.